பத்தொன்பது ஓலைகளும் ஒரு நகைச்சுவையும்

மனம் புண்படுவது இக்காலத்துக் கண்டுபிடிப்பு என்றும், அந்தக் காலத்தில் யாரை என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே போனார்கள் என்றும் படித்தவர்களே நம்புகிறார்கள். ஆழ்ந்த வருத்தத்துடன் மறுக்க வேண்டியிருக்கிறது. நெடுங்காலத்துக்கு முன் மாங்குளநாட்டைக் கீர்த்திபூபதி ஆண்டபோதே அது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய உணவுக்குப் பிறகு.

அன்று விகடகவி அம்மையப்பன், தளவாய் அதிவீரரின் மீசை போர்க்களத்துக்குப் போய் அரை நாழிகை கழித்துத்தான் தளவாய் வந்து சேருவார் என்று சொன்னான். அவை சிரித்தது. அரசர் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். மாலைதான் தளவாய்க்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, தாம் புண்பட்டுவிட்டதாக அறிவித்தார். எங்கே என்று அரசர் கேட்டார். உள்ளே என்றார் தளவாய். படைத்தலைவரின் உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லும் துணிவு அரண்மனை வைத்தியருக்கு இல்லை. நாடி பிடித்துப் பார்த்துத் தலையசைத்தார்.

ஒரே மாதத்தில் அவையிலிருந்த பத்தொன்பது பிரபுக்களுக்கும் அதே இடத்தில் புண். அரசருக்கோ புதுச் சட்டம் என்றால் புதுக் குதிரை கிடைத்த மாதிரி. உடனே முரசறைந்தார்கள். இனி ஒரு நகைச்சுவை யாரைப் பற்றியதோ, அவரிடம் முன்கூட்டியே சொல்லிக்காட்டி ஓலையில் முத்திரை வாங்க வேண்டும். இல்லாமல் சொன்னால் நாடு கடத்தல். தளவாய் இன்னொன்றையும் சேர்க்கச் செய்தார்: அரசரின் பிறந்தநாள் அவையில் புதிதாக ஒன்று சொல்லாவிட்டாலும் நாடு கடத்தல்தான். பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருந்தது. அம்மையப்பனின் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

அம்மையப்பன் ஓலையுடன் முதலில் போனது தளவாய் வீட்டுக்கே.

"ஐயா, ஒரு பிரபு. மகாராஜா பாட ஆரம்பித்ததும் இடுப்பிலிருந்து பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். வாயசைவு நின்றதும் 'ஆகா, இன்னொரு முறை' என்பார். ஒருநாள் மகாராஜா பாடவில்லை, இருமினார். அதற்கும் 'ஆகா, இன்னொரு முறை' என்றார். இது தங்களைப் பற்றியதென்றால் முத்திரை வையுங்கள்."

தளவாயின் முகம் வெளுத்தது. "நானா? யாரய்யா சொன்னது? அது கருவூலக்காரன். அவன் காதைப் போய்ப் பார்."

"அப்படியானால் தங்களுக்கு இதில் சம்பந்தமில்லை, புண்ணும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள்."

எழுதிக் கொடுத்தார். கருவூலக்காரர் கோட்டைக்காவலரைக் கைகாட்டினார், அவர் இன்னொருவரை. தம்மைப் பற்றியதல்ல என்று எழுதிக் கொடுத்த பிறகு ஒவ்வொருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

பிறந்தநாள் அன்று அம்மையப்பன் பத்தொன்பது ஓலைகளையும் அரசர் முன் அடுக்கினான். கதையில் வரும் பிரபு இந்த அவையிலேயே இல்லையாம். ஆனால் தாங்களும் கதையில் வருகிறீர்கள், சட்டப்படி தங்கள் முத்திரையும் வேண்டும் என்றான். அரசர் அருகே வரச்சொல்லிக் காதோடு கேட்டார்.

"எனக்கு நிஜமாகவே வலிக்கிறதய்யா."

"வலிக்கும், மகாராஜா. முத்திரை வைக்காவிட்டால் நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறேன். அந்தப் பிரபு யாரென்பதுதான் தெரியாமலே போய்விடும்."

அரசர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் ஆலாபனையைத் தொடங்கினார். பழக்க தோஷத்தில் பத்தொன்பது கைகள் இடுப்புக்குப் போயின. பதினெட்டு பாதியில் நின்றன. தளவாயின் கை மட்டும் காது வரை போய்விட்டது.

முதலில் சிரித்தவர் அரசர்தான். முத்திரை மோதிரத்தையே கழற்றி அம்மையப்பனிடம் கொடுத்து, இனி அவன் நகைச்சுவைக்கு யாருடைய ஒப்புதலும் வேண்டாம் என்றார். அந்தக் கதையைத் தளவாயே எழுந்து நின்று அவைக்குச் சொல்ல வேண்டும் என்றும் ஆணையிட்டார். தளவாய் சொன்னார். இருமலை நன்றாகவே செய்தார்.

அடுத்த வாரத்திலிருந்து, அரசர் பாடுவதற்கு முன் அவையோரிடம் எழுத்தில் ஒப்புதல் கேட்கும் வழக்கம் ஏற்பட்டது. பத்தொன்பது பேரும் முத்திரை வைத்தார்கள்.