நீலப் பொட்டு

தவசியின் அக்காவுக்குக் குறைமாதத்தில் ஆண் பிள்ளை பிறந்திருந்தது. பச்சிளங்குழந்தை வார்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. தவசி அதே ஆஸ்பத்திரியில் நர்ஸிங் படிக்கிறவன். ஆனாலும் ஜெய்னம்பு மேடம் சரி என்று சொன்னால்தான் அந்த வார்டுக்குள் போகமுடியும். கிருமிப் பாடம் எடுப்பவர் அவர்.

“பிள்ளையைத் தொட்டுப் பார்க்கணும் மேடம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டா சுத்தம்தானே?”

மேடம், கரும்பலகையில் எழுதும் நீலச் சாக்பீஸைப் பொடித்து அவன் உள்ளங்கைகளில் பூசினார்.

“இதான் கிருமி. கழுவிட்டு வந்து அந்தப் பொம்மையைத் தூக்கு.”

தவசி குழாயைத் திருகினான். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒன்று விடாமல் தேய்த்தான். நுரை வெள்ளையாகும்வரை விடவில்லை. குழாயை மூடினான். கையை உதறிவிட்டு, பாடத்துக்கு வைத்திருந்த ரப்பர் பொம்மையைக் கன்னத்தோடு சேர்த்து ஏந்தினான்.

பின்னால் நின்ற வகுப்புத் தோழி மல்லிகாராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மாமன்காரன் திருஷ்டிப் பொட்டே வெச்சுட்டாரு!”

பொம்மையின் கன்னத்தில் நீலமாக ஒரு திட்டு.

“நல்லாத்தானே கழுவினேன் மேடம்!”

“நல்லாத்தான் கழுவினே. குழாயைத் தொறந்தப்போ கையில என்ன இருந்துச்சு?”

தவசி திரும்பிப் பார்த்தான். குழாயின் திருகில் நீலம் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுத்தான் மூடியிருக்கிறான்.

அவன் மறுபடியும் போய்க் கழுவினான். தண்ணீர் ஓடட்டும் என்று விட்டுவிட்டு, காகிதத்தில் கையைத் துடைத்தான். அதே காகிதத்தால் திருகைப் பிடித்து மூடினான். பொம்மையைப் புரட்டிப் புரட்டித் தூக்கினான். புதிதாக ஒரு பொட்டும் விழவில்லை.

“வார்டுக்குப் போ. அங்கேயும் கழுவு,” என்றார் மேடம்.

கொஞ்ச நேரம் கழித்து மேடம் அந்தப் பக்கமாக வந்தார். வார்டு வாசல் தொட்டியில் கழுவிய கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கியபடி தவசி நின்றுகொண்டிருந்தான். கண்ணாடிக்கு அப்பால் அக்கா, வாயேன்டா என்று சைகை காட்டினாள். அவன் அசையவில்லை.

“உள்ளே போகாம ஏன்டா நிக்கிறே?”

“கைப்பிடி, மேடம்.”

மேடம் கதவை முதுகால் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டார்.

“போ. உன் மாமன் வந்துட்டான்னு பிள்ளைகிட்ட சொல்லு.”