பிழை போன இடம்

“பிழை போயிருச்சும்மா. நான் ஊருக்குக் கிளம்பலாமா?”

கேட்ட குழந்தைசாமிக்கு வயது ஐம்பத்தெட்டு. குரு அல்போன்சாவுக்கு முப்பத்திரண்டு. கெர்னல் பழுது பார்க்கிறவர்களின் அந்த மலை மடத்தில் வயசை யாரும் பார்ப்பதில்லை.

கெர்னல் என்றால் கணினியின் அடிவயிற்றில் ஓடுகிற நிரல். அதில் ஒரு பிழையைக் கையில் எடுத்தவர் தீர்க்காமல் மலையிறங்கக் கூடாது. அது ஒன்றுதான் மடத்துச் சட்டம். ஒருத்தர் தாடியில் மைனா முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, பறந்தும் போனது. அதற்கு அப்புறம்தான் மனிதர் இறங்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைசாமிக்கு இது பதினோராவது மாதம். விடிந்தால் மகளுக்குக் கல்யாணம். இருப்பது ஒரே பஸ்.

“எப்படிப் போச்சு?” என்றார் அல்போன்சா.

“நிரல் துண்டுகள்ல யாரோ ஒருத்தன், நினைவகத்துல தன் இடத்தைத் தாண்டி அடுத்தவன் முகவரியில எழுதுறான். உடனே மெஷின் படுத்துருது. ஆளைப் பிடிக்கலாம்னு, நடக்குறதைத் திரையில காட்டுற ஒரு பிரிண்ட் வரியை நிரல் நடுவுல போட்டேன். அவ்வளவுதான். எல்லார் முகவரியும் கொஞ்சம் நகர்ந்துருச்சு. முந்நூறு தடவை அணைச்சுப் போட்டுட்டேன், படுக்கவே இல்ல.”

“ஆள் யாரு?”

“தெரியல.”

“அந்த வரியை எடுத்துட்டா?”

“எடுக்காதீங்கம்மா!” கும்பிட்டார். “அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். கண்ணு ரெண்டும் பூத்துப் போச்சு. தாரை வார்க்க அப்பன் வேணும்.”

அல்போன்சா எழுந்தார். ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தபடியே நடந்து வந்து, குழந்தைசாமியின் பாதத்தை நச்சென்று மிதித்தார்.

“ஐயோ! பார்த்து நடக்கக் கூடாதா?”

“கொஞ்சம் தள்ளி உட்காருங்க.”

தள்ளினார்.

அல்போன்சா திரும்பப் போனார். அதேபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்து, அதே இடத்தில் வெறும் தரையை மிதித்தார்.

“இப்ப வலிக்குதா?”

“இல்ல.”

“அப்ப எனக்கு நடக்கத் தெரிஞ்சிருச்சு. நீங்க கிளம்புங்க.”

குழந்தைசாமி பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார். கீழே பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்தது.

அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டார். “தாரை நீயே வார்த்துடுப்பா.”

திரும்பி வந்து உட்கார்ந்தார். பிரிண்ட் வரியை அழித்தார். மெஷினை அணைத்துப் போட்டார். மறுபடி. மறுபடி.

ஏழாவது தடவை படுத்துக்கொண்டது.

“வந்துட்டியா,” என்றார் குழந்தைசாமி.