பெருக்கினால் பெருசாகணுமே

"இதுங்க மண்டையில எதுவும் ஏறாது டீச்சர்," என்றார் சிங்காரவேலு. செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டார்.

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. இருபத்தேழு வருஷமாக ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர்.

பேச்சியம்மாளுக்கு முப்பத்து மூன்று. பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகளுக்குக் கணக்கைப் புரிய வைப்பதில் பெயர் எடுத்தவர். சனிக்கிழமை மதியங்களில் மற்ற ஆசிரியர்கள் அவர் வீட்டுக்கு வந்து கற்றுக்கொள்வார்கள். அன்று வந்தது சிங்காரவேலு மட்டும்.

"என்ன ஆச்சு சார்?"

"சமான பின்னம் நடத்தினேன். ரெண்டுல ஒண்ணு. மேலயும் ரெண்டால பெருக்கு, கீழயும் ரெண்டால பெருக்கு. நாலுல ரெண்டு. ரெண்டும் சமம். இவ்வளவுதானே விஷயம்?"

"சரி."

"செல்லக்கிளின்னு ஒரு பொண்ணு எந்திரிச்சா. பெருக்கினா பெருசாகணுமே சார், எப்படி அதே அளவா இருக்கும்னு கேட்டா. வகுப்பே சிரிச்சுது."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"வெளிய போய் நில்லுன்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"மூணு நாள். கணக்கு வகுப்புல மட்டும்தான்."

பேச்சியம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"நாலாம் நாள் ஆளைக் காணோம். அவங்க அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். இனிமே அவ வரமாட்டா, கைக்குழந்தையைப் பார்த்துக்கிட்டு வீட்டுல இருக்கட்டும்னு சொல்றாங்க. எவ்வளவு திமிர் பாருங்க."

"யாருக்கு?"

சிங்காரவேலுவின் முகம் இறுகியது.

"அவ கேட்டதை இப்ப நான் கேக்கிறேன்," என்றார் பேச்சியம்மாள். "பெருக்கினா பெருசாகணும். ஏன் ஆகல?"

"மேலயும் கீழயும் ஒரே எண்ணால பெருக்கினா மதிப்பு மாறாது."

"அதான் ஏன்?"

"விதி அப்படி."

"எனக்குப் புரியல."

சிங்காரவேலு நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார். ஒன்று, இரண்டு. பெருக்கல் குறி. இரண்டு, நான்கு. அடியில் ரெண்டு கோடு போட்டார்.

"புரியல சார்."

மறுபடி எழுதினார். இந்த முறை எழுத்தைப் பெரிதாக்கினார்.

"புரியல."

பேனாவை நோட்டின் மேல் எறிந்தார். "நீங்க வேணும்னே பண்றீங்க."

"அவளும் வேணும்னேதான் கேட்டாளா?"

குரல் உயரவில்லை. ஆனால் பேச்சியம்மாள் நோட்டைப் பட்டென்று அவர் பக்கம் தள்ளினார். இந்த அம்மாளுக்குக் கோபம் வரும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

பேச்சியம்மாள் ஒரு தாளை நீளவாக்கில் கிழித்தார். இரண்டாக மடித்துப் பிரித்தார். ஒரு பாதியை மட்டும் சிவப்புப் பென்சிலால் அழுத்தித் தேய்த்தார். காகிதத்தை அவர் கையில் திணித்தார்.

"கிளம்புங்க சார். இனிமே இந்தக் கணக்கை வாயால சொல்லாதீங்க. மடிங்க."

"என்னை வெளிய அனுப்புறீங்களா?"

"ஆமா."

சிங்காரவேலு பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நேற்றுப் பிறந்தவளெல்லாம் தன்னை விரட்டுகிறாள் என்று மனசு கொதித்தது. அந்த எரிச்சலில்தான் காகிதத்தை மடித்தார். நகத்தால் கீறினார். பிரித்தார். நாலு துண்டு. சிவப்பில் இரண்டு.

மறுபடி மடித்தார். எட்டுத் துண்டு. சிவப்பில் நாலு.

இன்னொரு முறை. பதினாறு. சிவப்பில் எட்டு.

துண்டுகள் பெருகிக்கொண்டே போயின. ஒவ்வொரு துண்டும் சிறுத்துக்கொண்டே போனது. சிவப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

நடத்துநர் இரண்டு முறை டிக்கெட் கேட்டார். அவர் காதில் விழவில்லை.

கோபம் போகவில்லை. ஆள்தான் மாறியிருந்தது; இப்போது தன் மேலேயே கோபம்.

வீட்டுக்குப் போகாமல், பள்ளி இருக்கும் ஊரிலேயே இறங்கினார்.

செல்லக்கிளி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வணக்கம் சொல்லவில்லை. உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவள் அம்மா எழுந்து வரவில்லை.

"நான்தான் சொல்லிட்டேனே சார்," என்று அங்கிருந்தே சொன்னாள்.

சிங்காரவேலு ஒன்றும் விளக்கவில்லை. மடித்த காகிதத்தை நீட்டினார். "பிரிச்சுப் பாரும்மா. ஒவ்வொரு மடிப்பா."

செல்லக்கிளி தம்பியைத் தரையில் இறக்கினாள். ஒரு மடிப்பைப் பிரித்தாள். எண்ணினாள். அடுத்ததைப் பிரித்தாள். முழுசாக விரித்தாள். மறுபடி மடித்தாள். பென்சில் தேய்த்த இடத்தை விரலால் அளந்தாள்.

"எண்ணிக்கைதான் பெருகுது," என்றாள் மெதுவாக. "ஒவ்வொண்ணும் சின்னதாப் போயிடுது. அதான் பெருசாகல."

"ஆமா."

"இதை ஏன் சார் அன்னைக்கே சொல்லல?"

"அன்னைக்கு எனக்கே தெரியாதும்மா."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

செல்லக்கிளி அவரையே பார்த்தாள். கண் கலங்கியது. ஆனால் அது அழுகை இல்லை, கோபம்.

"அப்ப நான் எதுக்கு சார் மூணு நாள் வெளிய நின்னேன்?"

சிங்காரவேலு வாசலில் மண்தரையில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார்.

"திங்கட்கிழமை வா," என்றார். "வகுப்புல எல்லார் முன்னாடியும் இதே கேள்வியை என்கிட்ட கேளு."