கொண்டுவந்தவர் வீட்டுக்கே

கோபத்தோடு சொல்கிற கதை இது. கேட்கிறவர்கள் தங்கள் கோபத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, முதலில் ஒவ்வொரு வரியையும் கவனியுங்கள். முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். அதன் விடைக்கு வேண்டியதெல்லாம் உள்ளேயே இருக்கிறது.

ஒரு சிற்றூரில் ஓர் அங்கன்வாடி. டீச்சர் பெயர் சகாயமேரி. சமைத்துப் போட்டுப் பாத்திரம் கழுவ இசக்கியம்மா என்ற ஆயா. பிள்ளைகள் பதினொரு பேர். வாசலுக்கு முன்னால் சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் பேரூராட்சித் தலைவர் செல்லப்பெருமாளின் வீடு. அங்கன்வாடிக்கு ஓர் இரும்புக் கேட் உண்டு. அதன் தாழ்ப்பாள் பெரியவர்களின் தோள் உயரத்தில் இருக்கும். எந்தப் பிள்ளைக்கும் எட்டாது.

மழைக்கு முன்னால் டீச்சர் கொல்லையில் ஒரு குழி வெட்டினார். பிள்ளைகள் வாழைப்பழத் தோல், வேப்பிலை, பால் கவர், பிஸ்கட் பாக்கெட் எல்லாவற்றையும் அதில் போட்டு மூடினார்கள். மழை முடிந்து தோண்டியபோது தோலும் இலையும் மண்ணாகியிருந்தன. கவர் பளபளவென்று அப்படியே வந்தது.

"இது ஏன் டீச்சர் சாகல?" என்று கேட்டாள் நாலு வயது தன்யா.

அன்றைக்கே அங்கே ஒரு விதி பிறந்தது. மக்குவது மண்ணுக்கு, மக்காதது கொண்டுவந்தவர் வீட்டுக்கே. சிப்ஸ் கொண்டுவந்த பிள்ளை காலிப் பாக்கெட்டைப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போகும். "குப்பையவா புள்ளகிட்ட குடுத்து விடுவாக?" என்று தாய்மார்கள் முதலில் சண்டைக்கு வந்தார்கள். பிறகு அவர்களாகவே டப்பாவில் கடலையும் முறுக்கும் கொடுத்து அனுப்பத் தொடங்கினார்கள்.

சுற்றுச்சூழல் தினம் வந்தது. தலைவர் தம் முகம் போட்ட பிளெக்ஸோடு வந்தார். பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் கப்பில் ஜூஸ், தெர்மாகோல் தட்டில் கேக். பிறகு ஒரு வேப்பங்கன்றை அதன் கறுப்புக் கவரோடு அப்படியே குழியில் இறக்கினார்.

"தாத்தா, கவரக் கழட்டணும்" என்றாள் தன்யா.

"பாப்பா, கேமராவ மறைக்காத, தள்ளு" என்றார் படம் எடுத்தவர்.

விழா முடிந்தது. பிளெக்ஸை அவிழ்த்துத் தரையில் போட்டார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கேட் அருகே நின்று கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் பின்னால் தலைவர் வெளியே போனார். டீச்சர் உள்ளே, ஜூஸைக் கொட்டிக்கொண்ட ஒரு குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். ஆயா பின்பக்கம் குழம்புச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார்.

மற்றப் பத்துப் பிள்ளைகளும் முற்றத்தைப் பார்த்தார்கள். எல்லாம் மக்காதது. கொண்டுவந்தவர் யார் என்பதும் தெரியும். கன்றைப் பிடுங்கிக் கவரை உரித்து, மறுபடி நட்டார்கள். கப், தட்டு, கவர், பிளெக்ஸ் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். ஒரு லாரி கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் வைத வசவு தெரு முழுக்கக் கேட்டது.

தலைவர் வீட்டில் அப்போது அங்கன்வாடி மேற்பார்வையாளர் அம்மாளுக்கு விருந்து. இலைக்கு முன்னால் குப்பையைக் கொட்டிவிட்டு, "தாத்தா, ஒங்களுது. இது மக்காது" என்றாள் தன்யா.

தலைவர் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு அங்கன்வாடிக்கு வந்தார். மேற்பார்வையாளரும் கைகழுவிவிட்டுப் பின்னாலேயே வந்தார். பிள்ளைகளை அழைத்துப் போக வந்த தாய்மார்கள் வாசலில் நின்றார்கள்.

"என் மூஞ்சியவே குப்பைன்னு கொண்டாந்து போடுதுங்க! ரோட்டுல பிள்ளைகள அவுத்து விட்டிருக்கா இந்த டீச்சர். இப்பவே, இதுக முன்னாலயே, அந்த விதி தப்புன்னு அவ சொல்லணும். இல்லேன்னா இந்த ஊர்ல அவளுக்கு வேல கெடயாது."

மேற்பார்வையாளர் டீச்சரின் காதருகே வந்தார். "சும்மா சொல்லிருங்க டீச்சர். சின்னப் பிள்ளைங்க, நாளைக்கே மறந்துரும். உங்க வேலையாவது மிஞ்சும்."

இசக்கியம்மா ஈரக்கையோடு ஓடிவந்தார். "அய்யா, டீச்சருக்கு ஒண்ணுந் தெரியாது. நாந்தான் பிள்ளைகள ஏவி விட்டேன். என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிருங்க."

"இல்ல ஆயா, நீ சட்டிதான தேச்சிக்கிட்டிருந்த? நாங்களாத்தான் போனோம்" என்றாள் தன்யா.

டீச்சர் தாய்மார்கள் பக்கம் திரும்பினார். "பிள்ளைகள் சாலைக்குப் போகும்படி விட்டது என் தப்பு. லாரி நிற்காமல் போயிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? என்னை மன்னியுங்கள்." பிறகு தலைவரிடம் சொன்னார்: "விதி தப்பில்லை. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்."

அந்த வாரமே அவரை மலையடிவாரத்து ஊருக்கு மாற்றினார்கள். போகும்போது தன்யா பேருந்து வரைக்கும் அழுதுகொண்டே கூட வந்தாள்.

கேட்டவர்களே, பிள்ளைகளின் டீச்சரைக் காப்பாற்ற நினைத்தவர் மேற்பார்வையாளர். தன் வேலையையே தரத் துணிந்தவர் ஆயா. இரண்டையும் ஏற்காமல் பிள்ளைகளை விட்டுப் போகும்படி ஆனவர் டீச்சர். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: டீச்சர் செய்ததே சரி. ஆயாவின் மனசு பெரியது, ஆனால் அவர் சொன்ன பொய் நின்றிருந்தால், பிள்ளைகள் தாமாக யோசித்துச் செய்தது ஒரு கிழவியின் குறும்பாகிப் போயிருக்கும். மேற்பார்வையாளர் காப்பாற்ற நினைத்தது வேலையை, பாடத்தை அல்ல. டீச்சர் மட்டுமே தன் தப்பையும் தப்பில்லாததையும் தனித்தனியே பிரித்தார். மன்னிப்பையும் கேட்க வேண்டியவர்களிடம் கேட்டார். அந்தத் தப்பிலும் பாதிக்கு மேல் அவருடையதல்ல. எட்டாத தாழ்ப்பாளைத் திறந்து போட்டுவிட்டுக் கடைசியாகப் போனவர் யார்? அதை அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும் கவனிக்கவில்லை என்றால் என் கோபத்தில் உங்களுக்கும் பங்குண்டு. 'நாளைக்கே மறந்துரும்' என்றாரே, அதற்கும் பதில் இருக்கிறது. டீச்சர் போன மறுநாள், பிள்ளைகளின் அழுகையை அடக்கத் தலைவர் மிட்டாய் அனுப்பினார். அன்று மாலை பதினொரு பிள்ளைகளும் மிட்டாய் சுற்றிய பிளாஸ்டிக் உறைகளோடு அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். இந்தத் தடவை அம்மாமார்களின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்திருந்தார்கள்.