மனிதர் பிறவாத காட்டின் வாரிசு

வெள்ளாவி அடுப்புக்கு விறகு பொறுக்கிய சலவைக்காரி செங்கமலத்தை ஜமீன்தார் வல்லபராயர் மறித்தார்.

"என் எல்லைக்குள் மரமெல்லாம் எனக்கே சொந்தம். இனிச் சுள்ளி ஒன்றை எரித்தாலும் உன் கழுதை எனக்கு. ஆனால் தேரோட்டத்துக்குள் என் வேட்டிகள் பாலாக வெளுத்திருக்க வேண்டும்!"

ஜமீன் கிணறு வெட்டியவர்கள் வேண்டாமென்று கொட்டிய பழுப்புக் கற்கள் பாதையோரம் குவிந்து கிடந்தன. செங்கமலம் அவற்றை வெயிலில் உலர்த்தி அடுப்பிலிட்டாள். முதலில் புகைந்தன, பிறகு செக்கச் செவேலெனக் கனன்றன. தேரோட்டத்தன்று வேட்டிகள் கண்ணைப் பறித்தன.

ஜமீன்தார் விடவில்லை. அவள் எரித்த கல் என்னவென்று பார்க்கப் பட்டணத்து நிலவியல் அறிஞர் ஒருவரை வரவழைத்தார். ஜமீன் வாசலில், கழுதையோடு வந்து நின்ற செங்கமலத்தின் முன்னால் அவர் கல்லைப் பிளந்து, உள்ளே ஓடிய மரவரிகளைக் காட்டினார்.

"இது நிலக்கரி. மனிதரே பிறவாத காலத்தில் இங்கே நின்ற காடு, மண்ணுக்குள் அமுங்கி இப்படி ஆகியிருக்கிறது."

"கேட்டாயா? மரமேதான்! கழுதையைக் கொண்டுவந்து கட்டு!"

"கட்டிடறேங்க. அந்தக் காடு ஐயாவுக்கு எப்படிங்க சொந்தம்?"

"இதென்ன கேள்வி? பரம்பரைச் சொத்து! என் முன்னோர் வாழ்ந்த காடு!"

"அப்ப சரிங்க. மனுசரே இல்லாத அந்தக் காட்டுல கிளைக்குக் கிளை தாவிக்கிட்டிருந்தவங்கதான் உங்க முன்னோருன்னு, இந்தப் பெரியவர் முன்னால ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

முதலில் சிரித்தவர் அறிஞர் என்பார் சிலர். கதவுக்குப் பின்னால் நின்ற ஜமீன்தாரின் மனைவி என்பார் வேறு சிலர். கடைசியில் ஜமீன்தாரும் சிரித்தார் என்பதில் மட்டும் எவருக்கும் பேதமில்லை. கழுதை வீடு திரும்பியது, அவரே தூக்கி ஏற்றிவிட்ட நிலக்கரி மூட்டையோடு.