வியாகுலம்மாள் செய்த விளக்குக் கழுதை

நெல்லைச் சீமையில் நெடுங்கரை என்ற சிற்றூரில், தெருக்களைக் கூட்டிப் பிழைத்த அடியவர் ஒருவர் வாழ்ந்தார். வியாகுல மாதாவின் திருநாளில் பிறந்ததால் வியாகுலம்மாள் என்று பெயர். பெயரில்தான் துயரம் இருந்தது. அம்மையாரின் வாயில் எந்நேரமும் இருந்ததோ, "நன்றி ஆண்டவரே" என்ற சொல்.

விடியுமுன்பே பேரூராட்சியின் தள்ளுவண்டியோடு புறப்பட்டுவிடுவார். சூசையப்பர் கோயில் வாசலுக்கு வந்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றி, முதற்படியில் நெற்றியை வைத்து எழுவார். உள்ளே போகமாட்டார். "வேலை உடுப்போட எப்படிப் போக?" என்பார். பிறகு அந்த வாசலைக் கூட்டுவார். மற்றத் தெருக்களில் விறுவிறுவென்று நடக்கும் துடைப்பம் அங்கே மட்டும் நிதானமாக நடக்கும்.

அம்மையாருக்கு ஒரு நேர்ச்சை உண்டு. ஆண்டவர் அந்த ஆண்டில் செய்த நன்மை ஒன்றை நினைத்து, கிறிஸ்துமஸுக்கு ஓர் ஒளி உருவம் செய்து கோயில் வாசலில் வைப்பார். பொருளெல்லாம் குப்பையில் கிடைத்தவை. கட்டடம் கட்டுகிறவர்கள் எறிந்த கம்பியை வளைத்து எலும்புக்கூடு செய்வார். தண்ணீர் பாட்டில்களை வெட்டித் தோலாக்குவார். கல்யாண மண்டபத்துக்காரர்கள் பாதி எரியவில்லை என்று வீசிய சீரியல் பல்புகளைக் கோயில் வாசல் மின்சாரத்தில் எரியவிட்டுப் பார்த்து, செத்ததை வெட்டி எறிந்து, உயிருள்ளதை ஒட்டுப்போட்டு உள்ளே சுற்றுவார்.

கணவர் இராயப்பன் முறிந்த கால் கூடி எழுந்து நடந்த ஆண்டில் ஓர் ஆட்டுக்குட்டி வந்தது. ஒழுகிய கூரைக்குத் தகரம் போட முடிந்த ஆண்டில் சைக்கிள் சக்கரத்தில் ஒரு நட்சத்திரம். ஓர் ஆண்டு சொல்லிக்கொள்ளும்படி எந்த நன்மையும் நடக்கவில்லை. வியாகுலம்மாள் வெகுநேரம் யோசித்து ஒரு சேவல் செய்தார். கேட்டவர்களிடம், "வருஷம் முழுக்கக் காலையில எந்திரிச்சேன்லா, அதுக்கு" என்றார்.

ஊரார் சிரிப்பார்கள். "குப்பைத்தொட்டிச் சம்மனசு வந்தாச்சா?" என்று கேட்பார்கள். அம்மையாரும் சேர்ந்து சிரித்துவிட்டு, வானதூதராம் அந்தச் சம்மனசின் இறக்கையில் எரியாத பல்பைத் திருகிக்கொண்டிருப்பார்.

இராயப்பன் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். கம்பியை வளைக்க அவருடைய முழங்கால்தான் பட்டறை. பிள்ளையில்லாத அந்த வீட்டில் இருவருக்கும் மார்கழியே திருவிழா. "நான் ஆண்டவர் வீட்டுக் கழுதை. சுமந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்று சொல்லிச் சிரிப்பார் அவர். ஓர் ஆவணி மாதத்தில், அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே சாய்ந்தவர் எழவில்லை.

அடக்கம் முடிந்து பத்து நாள் வியாகுலம்மாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பதினோராம் நாள் வேலைக்கு வந்தார். கோயில் படியில் நெற்றியை வைத்தவர் எழ நேரமாயிற்று. உடன் வேலை பார்க்கும் செண்பகம் அருகே வந்து தோளைத் தொட்டார்.

"யக்கா, இந்த வருஷம் உருவம் கிருவம்னு அலையாதிய. எதுக்குன்னு நன்றி சொல்லப் போறிய?"

வியாகுலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவுகளோட இருபத்தாறு வருஷம் குடுத்தாரே, செண்பகம். ஒரு நாளாவது எனக்கு உரிமையாக் கேட்டு வாங்கினதா அது? சும்மா குடுத்தாரு. அதுக்குச் சொல்ல வேண்டாமா?"

அந்த ஆண்டு அவர் கழுதை செய்தார். கம்பியை வளைக்க முழங்கால் இல்லாததால் கிணற்றுச் சுவரில் வைத்து வளைத்தார். உள்ளங்கை கிழிந்தது, துணியைச் சுற்றிக்கொண்டு வளைத்தார். எண்ணெய் டின்னை வெட்டிக் காது வைத்தார். ஒரு காது நிமிரவே மாட்டேனென்று தொங்கியது. முதுகை மட்டும் அகலமாக, மூட்டை தாங்குகிற முதுகாகச் செய்தார். அதைச் செய்யும்போது அழுதார் என்றும், அழுகையினூடே நன்றி சொன்னார் என்றும் செண்பகம் பின்னாளில் சொன்னதுண்டு.

அது கோயிலுக்கு நூறாவது ஆண்டு. ஆயர் வருவதாக இருந்தது. விழாக்குழுத் தலைவர் தொபியாஸ், இரும்புக்கடை வைத்திருப்பவர், மதுரையிலிருந்து ஒளியலங்காரம் வரவழைத்திருந்தார். கழுதையைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வியாகுலம்மாள் வாசலுக்கு வந்தபோது அவர் கையை நீட்டி மறித்தார்.

"இந்த வருஷம் இதெல்லாம் வேண்டாம், வியாகுலம். ஆயர் வாராரு. குப்பையில செஞ்சத வாசல்ல வச்சா நல்லாவா இருக்கும்? அதுலயும் கழுதை!"

"மாதாவையும் பாலனையும் சுமந்தது அதுதானய்யா" என்றார் வியாகுலம்மாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "புருஷனுக்குச் செலை வைக்கியா?" என்றது ஒரு குரல். மூன்று மாதத்துக்கு முன் வந்த பங்குச்சாமியார் படியில் நின்றிருந்தார். விழாக்குழுவை மறுத்துப் பேச அவருக்குத் துணிவு வரவில்லை. அம்மையார் இருவரையும் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். வழியெல்லாம் கண் நிறைந்தது. ஆனாலும், "வைக்க எனக்கு ஒரு வாசல் குடுத்திருக்கியே, நன்றி ஆண்டவரே" என்றே சொல்லிக்கொண்டு போனார்.

அவர் குடிசை ஊருக்கு வெளியே, குளத்தங்கரையை ஒட்டிய நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. ஊரிலிருந்து போனால், குளத்து நீர் வாய்க்காலுக்குப் போகும் சின்னப் பாலத்தைத் தாண்டி. அங்கே மின்சாரம் இல்லை. ஒர்க்ஷாப்காரர் ஒருவர் கொடுத்த பழைய ஆட்டோ பாட்டரியைக் கழுதையின் வயிற்றுக்குள் வைத்து, அதில் எரியக்கூடிய விளக்குகளைத் தேடி மாற்றிச் சுற்றினார். மழைக்கு மேலே கண்ணாடித்தாள் போர்த்தினார். வீட்டு வாசலில் நிறுத்தி, நான்கு கால்களையும் கம்பியால் சாலையோர மைல்கல்லோடு சேர்த்துக் கட்டினார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. மதியத்தில் ஊர் முழுக்க மின்சாரம் நின்றது. குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தது. மாலையில் காற்றும் சேர்ந்தது. இருட்டத் தொடங்கிய நேரத்தில் வியாகுலம்மாள் கழுதைக்கு விளக்கேற்றிவிட்டு உள்ளே வந்து ஜெபமாலையைக் கையில் எடுத்தார். மாலையின் மூன்றாவது பத்தை உருட்டிக்கொண்டிருப்பார். வெளியே பெரிய ஹாரன் சத்தமும், சக்கரங்கள் தேய்ந்து நிற்கும் ஓசையும் கேட்டன.

ஓடி வந்து பார்த்தார். சாலையில் ஒரு பேருந்து நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னே, நடுச்சாலையில், நான்கு காலும் ஊன்றி, ஒரு காதைத் தொங்கப்போட்டபடி அவருடைய கழுதை விளக்கெரிய நின்றது.

பதறிப்போனார் அம்மையார். "ஐயா, மன்னிச்சிக்கிடுங்க! காத்துல வந்துட்டு போல. இந்தா தூக்கிருதேன்" என்று மழையில் ஓடினார்.

டிரைவர் பலவேசம் டார்ச்சோடு இறங்கியவர், ஒளியைக் கழுதைக்கு அப்பால் அடித்துப் பார்த்தார். "யம்மா, நில்லு! அசையாத! அப்படியே நில்லு!" என்று அலறினார்.

கழுதைக்கு ஒரு முழம் பின்னால் சாலை இல்லை. பாலத்தைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருந்தது. மேலே மழைநீர் பரந்து ஓடியதால் பள்ளம் சாலை போலவே தெரிந்தது. பலவேசம் அம்மையாரின் கையைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுத்தார்.

"கழுதை குறுக்க நிக்குதுன்னுதான் பிரேக்கப் போட்டேன், தாயீ. வண்டியில நாப்பத்தோரு பேரு."

நாற்பத்தோரு பேரும் இறங்கினார்கள். பெருநாளுக்கு ஊர் திரும்பியவர்கள். கைப்பிள்ளைக்காரிகள், வயதானவர்கள், பலகாரப் பை வைத்திருந்தவர்கள். பள்ளத்தை எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராக அந்த நனைந்த கழுதையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வியாகுலம்மாள் எல்லோரையும் குடிசைக்குள்ளும் வாசல் கொட்டகையிலும் ஒண்ட வைத்து, இருந்த கருப்பட்டியையெல்லாம் போட்டுக் காப்பி காய்ச்சினார்.

பிறகு மைல்கல்லைப் போய்ப் பார்த்தார்கள். கட்டிய கம்பிகள் அறுபடவில்லை. நான்கு முடிச்சும் அவிழ்ந்து கிடந்தன. காற்றுதான் அவிழ்த்துக் கொண்டுபோயிருக்கும் என்றார் ஒருவர். அடிக்கிற காற்றில் கவிழாமல், விளக்கும் அணையாமல், பள்ளத்துக்கு முன்னால் போய் எப்படி நிற்கும் என்று கேட்டார் இன்னொருவர். வியாகுலம்மாள், "காத்தும் அவரோடதுதானய்யா" என்று மட்டும் சொன்னார்.

மழையால் நள்ளிரவுத் திருப்பலி மறுநாள் காலைக்குத் தள்ளிப் போயிற்று. ஆயராலும் வர முடியவில்லை. விடிந்ததும் செய்தி கேட்டுத் தொபியாஸ் குளத்துக் கரை மேல் நடந்தே வந்தார். குடிசை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"நாங்க வேண்டாம்னு அனுப்பினோம், யக்கா. அவரு வேணும்னு நிறுத்தியிருக்காரு" என்றார். கழுதையின் முன்னங்கால்களை அவரே தோளில் வாங்கினார். பின்னங்கால்களைப் பலவேசம் தாங்கினார். கரை வழியே ஊர்வலமாகக் கொண்டுவந்து, கோயிலில் கிறிஸ்து பிறப்புக் குடிலின் பக்கத்தில் இறக்கி வைத்தார்கள்.

பங்குச்சாமியார் வாசலுக்கே வந்து அம்மையாரை எதிர்கொண்டார். "அன்னைக்கு நான் வாய் திறக்கல. மன்னிக்கணும்மா" என்று சொல்லி, குழந்தை இயேசுவின் சுரூபத்தை அவரிடம் நீட்டினார். "இன்னைக்கு நீங்கதான் பாலனைக் குடில்ல வைக்கணும்."

வியாகுலம்மாள் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "இந்தக் கையாலயா, சாமி?"

"அவரு பொறந்தது தொழுவத்துலம்மா. கூட்டித் தள்ளுற கையைத்தான் முதல்ல தேடியிருப்பாரு."

கம்பி கிழித்த தழும்புகள் இருந்த உள்ளங்கைகளை அம்மையார் நீட்டினார். பாலனை வாங்கி மார்போடு அணைத்து, வைக்கோலின் மேல் மெல்லக் கிடத்தினார். கோயில் நிறைந்த கூட்டம் எட்டிப் பார்த்தது. நாற்பத்தோரு பேரும் முன்வரிசையில் முழங்காலில் இருந்தார்கள். அம்மையாரின் உதடுகள் அசைந்தன. அருகிலிருந்த செண்பகத்துக்கு மட்டும் அது கேட்டது: "நன்றி ஆண்டவரே, நன்றி."

கொடுத்ததற்கும் எடுத்ததற்கும் ஒரே சொல்லால் வணங்கிய வியாகுலம்மாளின் நெஞ்சம் போன்றதொரு நெஞ்சம் நமக்கும் வாய்க்கட்டும்.