வண்ணார் வீட்டுக் குறி

கொற்றியூர்ச் சுவாமி உடுத்திய வேட்டியை வெள்ளிதோறும் வெளுத்துக் கொடுத்தவர் இருளாயியார். இன்று வாய் நிறைய ‘யார்’ போட்டுச் சொல்கிறோம். அவர் இருந்த நாளில் ‘ஏய்’ என்றுதான் கூப்பிட்டது ஊர். அதற்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான்.

அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. தாய் தகப்பன் இல்லை. தம்பி சுடலை ஒருவன்தான் துணை. சபாபதி குருக்கள் தூர நின்று வேட்டியைக் கோயில் வாசற்படியில் போடுவார். இருளாயியார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மற்றத் துணியோடு சேர்க்காமல் அலசிக் கொண்டுவந்து அதே படியில் வைப்பார். ஊரில் வீட்டுக்கு ஒரு குறி உண்டு. சேங்கொட்டை மையால் துணியின் மூலையில் இடுவது, துணி கிழிந்தாலும் குறி போகாது. வண்ணார் வீட்டுக்கு மூன்று புள்ளி. சுவாமி வேட்டிக்கு மட்டும் குறி இல்லை. அவரை யார் வீட்டுப் பிள்ளை என்று குறிப்பது?

சுவாமி முகத்தை அவர் கண்டதே கிடையாது. புறப்பாட்டில் சுவாமிக்கு முன்னால் தரையில் துணி விரித்துப்போவது வண்ணார் பணி; அந்தத் துணிக்கு மாத்து என்று பெயர். விரிப்பவர் தலை நிமிரக் கூடாதாம். வருஷாவருஷம் அவருக்குக் கிடைத்த தரிசனம் தெருப்புழுதிதான்.

வெள்ளையர் படை வந்து கோட்டையைப் பிடித்ததும் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பதினேழு இளவட்டங்கள் காட்டுக்குள் போய்ச் சண்டையைத் தொடர்ந்தார்கள். ஊர்த்தலைவர் அம்பலகாரர் மகனும் வண்ணார் வீட்டுச் சுடலையும் ஒரே பானையில் உண்டார்கள். ஊருக்குள் நடக்காத அதிசயம் அங்கே நடந்தது.

துவைக்க உவர்மண் எடுக்கப்போகும் இருளாயியார், காட்டோரக் குழியில் வெளுத்த துணியை வைத்துவிட்டு அழுக்கை எடுத்துவருவார். கழுதைமேல் கிடக்கும் அழுக்கு மூட்டையைச் சிப்பாய்கள் தொட்டுப் பார்க்கவில்லை. அந்தக் கூச்சத்தையும் நம் ஊர்தான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

மாசியில் தளபதி துரை தமுக்கடித்தான்: காட்டில் ஒருவரும் மிச்சமில்லை. தாய்மார் மாரடித்து அழுதார்கள். அம்பலகாரர் பெரியணனும் அழுதார். கண்ணைத் துடைத்த கையோடு பணிவோலை எழுதினார். பங்குனி உத்திரத்தன்று ஓலையும் கொடுத்து, பிள்ளைகள் தங்கியிருந்த காட்டுச் சுனைக்குப் போகும் பாதையையும் சொல்லிவிடுவதாக ஏற்பாடு. செத்தவர்களைத் தேடத் துரைக்குப் பாதை எதற்கு என்று ஓர் ஆண்பிள்ளைகூடக் கேட்கவில்லை.

இருளாயியார் அம்பலகாரர் வாசலில் போய் நின்றார்.

“சாமி, அழுக்கு வருது. செத்தவனுக்கு எப்படி சாமி வேர்க்கும்?”

“தம்பிய நெனச்சுப் புத்தி பெரண்டுபோச்சா? ஒன் பேச்சக் கேட்டு ஊரக் கொளுத்தவா? போடி அங்கிட்டு.”

மூட்டையை அவிழ்க்கக்கூட விடவில்லை. தீட்டாம். மகன் வேர்வை வாசலில் கிடந்தது. தகப்பனார் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். தெருவும் சிரித்தது. அந்த மூட்டையில் இருந்தவை பதினாறு துணிகள். மூன்று புள்ளி வைத்தது அதில் இல்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர் பிள்ளைகளுக்காகவே அன்றிரவும் வெள்ளாவி வைத்தார்.

உத்திரத்துக் காலையில் புறப்பாடு கூடாதென்று துரை உத்தரவு. ஓலை கொடுக்கக் கோயில் வாசலில் ஊர் கூடி நின்றது. இருளாயியார் வந்தார், தலை நிமிராமல், குறி மேலே தெரியும்படி, காட்டோரக் குழியிலிருந்து அன்று எடுத்த பதினாறு அழுக்குத் துணிகளையும் வாசலிலிருந்து தெருவில் விரித்தார். மாத்து விரித்தபின் சுவாமி வராமல் சுருட்டினால் ஊருக்கு ஆகாது. அதை ஆயிரம் முறை சொன்னவர் குருக்கள்தான். இப்போது தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

முதல் துணியில் விழுந்து முகர்ந்தவர் அம்பலகாரர் மனைவி பொன்னாத்தாள்.

“இது எம்மவன் வேட்டி. நேத்து உடுத்துன வேட்டி.”

பிறகு ஒவ்வொரு தாயாகக் குறியைத் தேடி விழுந்தார்கள். பொன்னாத்தாள் எழுந்து, புருஷன் கையிலிருந்த ஓலையைப் பிடுங்கித் தூபக்காலில் போட்டார். இளம்பிள்ளைகள் யாரையும் கேட்காமல் சுவாமியைத் தோளில் தூக்கினார்கள். சிப்பாய்கள் மாத்தை மிதிக்க அஞ்சி ஒதுங்கினார்கள். சுனைக்குப் பாதை சொல்ல ஊரில் ஒரு வாயும் திறக்கவில்லை. இருளாயியார் அப்போதும் குனிந்தே இருந்தார்.

மறுநாள் துரை அவரைக் கட்டிவைத்து இருபது கசையடி கொடுத்தான். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. அதில் மட்டும் நம்மவர்கள் மாறவில்லை.

வெள்ளிக்கிழமை, ரணத்தோடு கோயில் படிக்குப் போனார். வேட்டி படியில் இல்லை. குருக்கள் அதைக் கையில் ஏந்தி நின்றார். மூலையில் மூன்று புள்ளி. புதிதாக இட்ட மை அல்ல, பல காலம் ஊறிய சேங்கொட்டைக் கறை.

“பூட்டின சந்நிதியில இருந்தது, அம்மா,” என்றார். வேட்டியை இருளாயியார் கையிலேயே கொடுத்தார்.

அந்தக் குறி இருளாயியாரே இட்டுக்கொண்டது என்று இன்றும் முணுமுணுப்பவர்கள் உண்டு. சந்நிதிச் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டால் வெற்றிலை மெல்லப் போய்விடுவார்கள்.

இருளாயியார் புள்ளிகளைத் தடவிப் பார்த்தார். பதினேழாவது வேட்டி வந்துவிட்டது. அன்றுதான் தம்பிக்காக வாய்விட்டு அழுதார். அழுதபடி தலை நிமிர்ந்தார். சந்நிதிக் கதவு திறந்திருந்தது. ஊர் வாசலில் நிறுத்தியவரைத் தன் வீட்டாள் என்று சொல்லி நின்றது அந்த முகம்.

குனிந்தே நடந்து ஊரை நிமிர்த்திய அந்த இளையவர் பாதத்தில் நம் தலை படட்டும்.